வாழைக்குக் கட்டிய தாலி

என் தங்கை அம்சா சிரித்தால் நாலு வீடு தள்ளிக் கேட்கும். விழுப்புரத்தில் அவள் பில் போட்டுக்கொண்டிருந்த ரெடிமேட் கடையில், முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்து, "யம்மா, கஸ்டமரு பயந்துக்கினு ஓடிடப் போறாங்க" என்பாராம். அவரையும் ஒரு வழி பண்ணிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள். பஸ் கண்டக்டர், கீரைக்காரி, கடைசியில் கையில் ஊசி குத்திய நர்ஸ் வரைக்கும் அவள் யாரையும் கலாய்க்காமல் விட்டதில்லை. போன மாசி மாதம், முப்பத்தெட்டு வயது கூட நிறையாமல், போய்ச் சேர்ந்துவிட்டாள். மூன்று புற்றுநோய். மூன்றும் தனித்தனியாக வந்தவை.

அவளைப் பற்றி நான் உட்கார்ந்து எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அவளுக்குச் சொல்ல வேண்டிய ஒரு விஷயத்தை நான் சொல்லவில்லை. பதினான்கு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

என் பெயர் கோபி. திண்டிவனத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். சொந்த ஊர் பனமலைக்குப் பக்கத்தில். நாங்கள் மூன்று பேர். பெரியவள் அருணா, நடுவில் நான், கடைக்குட்டி அம்சா. எங்கள் அம்மா வீரம்மாள் வயிறு உப்பிச் செத்தபோது அம்சாவுக்கு ஆறு வயது. அம்மாவுக்கு நாற்பது கூட ஆகவில்லை. பங்காளி வீட்டில் யாரோ சோற்றில் மருந்து வைத்துவிட்டார்கள் என்று ஊரில் பேசினார்கள். நாங்களும் அதை நம்பி அந்த வீட்டோடு பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டோம். பதினாலு வயது அருணாதான் அதற்குப் பிறகு எங்களுக்குச் சோறாக்கிப் போட்டாள்.

அருணாவைக் கெடாரில் சக்கரபாணி மாமாவுக்குக் கொடுத்தோம். நாலு ஏக்கர் நிலம், கரும்பும், நாங்கள் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுவார். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காதவர். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசத் தெரியாது. அவர்களுக்கு ஒரே பெண், அஸ்வினி. அவளுக்கு எட்டு வயது நடக்கும்போது அருணாவுக்கு மார்பில் கட்டி வந்தது. வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் காட்டாமல் இருந்திருக்கிறாள். காட்டியபோது எல்லாம் கைமீறிப் போயிருந்தது. புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில், முப்பத்தோரு வயதில் செத்தாள்.

உடம்பை வாங்குவதற்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். மாமா வெளியே தரையில் உட்கார்ந்திருந்தார். ஒரு டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, நான் யார், அம்மா எதில் இறந்தார் என்றெல்லாம் விசாரித்தார். சொன்னேன். "கூடப் பொறந்த பொண்ணு இருந்தா வருஷா வருஷம் செக்கப் பண்ணிக்கச் சொல்லுங்க தம்பி. இது உங்க குடும்பத்துல ரத்தத்தோட வர்ற மாதிரி தெரியுது. மறந்துடாதீங்க" என்றார்.

மறக்கவில்லை. அவர் சட்டைப் பையில் பச்சை மைப் பேனா இருந்தது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அம்சாவுக்கு அப்போது இருபத்துமூன்று வயது, வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். ரத்தத்தில் வருகிற நோய் என்று ஒரு வார்த்தை வெளியே போனால் எவன் வாசல்படி ஏறுவான்? கல்யாணம் முடியட்டும், அப்புறம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். அண்ணன்காரன் பொறுப்பாக நடந்துகொண்டேனாம்.

கருமாதி முடிந்ததும் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். அக்கா போய்விட்டால், பிள்ளையை முன்னிட்டுத் தங்கையை அதே வீட்டுக்குக் கொடுப்பார்கள். அஸ்வினி அம்சாவின் தாவணியைப் பிடித்த கையை விடவே இல்லை. தூங்கும்போதும் பிடித்துக்கொண்டே தூங்கினாள். அம்சாவைக் கேட்டேன். "எனக்கு மாமன கட்டிக்கணும்னு ஆசயும் இல்ல, வேணாம்னும் இல்ல. இந்தப் புள்ளய வுட்டுட்டு என்னால வேற வூட்டுக்குப் போவ முடியாதுண்ணா" என்றாள்.

அப்போதுதான் விழுப்புரத்து ஜோசியர் ஒருவர் குண்டைத் தூக்கிப் போட்டார். மாமாவின் ஜாதகத்தில் தாரதோஷமாம். கட்டினவள் தங்க மாட்டாளாம். முதல் தாரம் போனதற்கும் அதுதான் காரணமாம், இரண்டாவதும் நிலைக்காதாம். பரிகாரமும் அவரே சொன்னார். ஒரு வாழை மரத்தை இரண்டாம் தாரமாக்கித் தாலி கட்டி, அதை வெட்டிச் சாய்த்துவிட வேண்டும். பிறகு வருகிறவள் மூன்றாவது, அவள் தீர்க்காயுசாக இருப்பாள்.

எனக்கு அதைக் கேட்டதும் எப்படி இருந்தது தெரியுமா? நிம்மதியாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். டாக்டர் சொன்னது எங்கள் ரத்தத்தைக் கைகாட்டியது, ஜோசியர் சொன்னது அடுத்த வீட்டு ஆளைக் கைகாட்டியது. எது சௌகரியமோ அதை நான் நம்பினேன்.

கெடாரில் மாமாவின் கிணற்றடியில் இருந்த வாழைக்கு மஞ்சள் புடவை சுற்றி, பொட்டு வைத்து, மாமாவைத் தாலி கட்டச் சொன்னார்கள். அந்த மனிதரும் கட்டினார். பெண் எடுத்த வீட்டு மச்சான் வெட்ட வேண்டும் என்று கத்தியை என்னிடம் கொடுத்தார்கள். ஒரே வெட்டில் சாய்க்க வேண்டுமாம். எனக்கு மூன்று வெட்டு ஆனது. மாமா அந்தப் பக்கம் திரும்பி நின்று அழுதுகொண்டிருந்தார். அடுத்த முகூர்த்தத்தில் அம்சாவுக்குத் தாலி ஏறியது. மேளக்காரர் வாசிக்கும்போதுகூட அவள் மடியில் அஸ்வினி உட்கார்ந்திருந்தாள்.

கல்யாணம் முடிந்தால் சொல்லலாம் என்றிருந்தேன் அல்லவா, முடிந்த பிறகு எதற்கு அந்தப் பெண்ணைப் பயமுறுத்துவது என்று தோன்றியது. அவளுக்குப் பிள்ளை நிற்கவில்லை. இரண்டு தடவை கலைந்தது. "எனக்கு எட்டு வயசோடவே ஒண்ணு பொறந்துட்டுது, போதும்" என்று சிரித்துக்கொண்டு சொல்வாள். கடை வேலையை விடவில்லை. காலையில் சோறாக்கி, அஸ்வினிக்குத் தலை பின்னி, கெடாரிலிருந்து விழுப்புரத்துக்கு ஏழே முக்கால் பஸ்ஸைப் பிடிப்பாள். மாமா சைக்கிளோடு கூட வந்து பஸ் நிற்கும் இடத்தில் விடுவார். மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போனதை நான் பார்த்ததில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே நடப்பார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "எங்கனா வுழுந்து கிழுந்து வச்சா... என் ராசி அப்பிடி மச்சான்" என்றார். அன்றாவது நான் வாயைத் திறந்திருக்கலாம்.

ஊர் சும்மா இருக்குமா? அஸ்வினியின் காதிலும் ஓதிவிட்டார்கள், உன் அப்பன் ராசிதான் உன் அம்மாவைத் தின்றது என்று. வளர வளர அந்தப் பெண் அப்பாவிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். சாப்பாட்டுத் தட்டை நீட்டினால்கூடச் சித்தியைப் பார்த்து, "அவரை அங்க வைக்கச் சொல்லு" என்பாள். மாமா வைத்துவிட்டுப் போய்விடுவார்.

அம்சாவுக்கு முப்பத்துமூன்று வயதில் இடது மார்பில் கட்டி வந்தது. கொரோனா அடங்கி பஸ் விட ஆரம்பித்த சமயம். ஊர் என்ன சொல்லியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? வாழையைச் சரியாக வெட்டவில்லை, மூன்று வெட்டு ஆனது, அதனால்தான் தோஷம் மிச்சம் நின்றுவிட்டது என்றார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் பயத்திலும் ஆத்திரத்திலும் அம்சாவே ஒருமுறை மாமாவைப் பார்த்து, "எங்க அக்கா பத்தலியா உனுக்கு?" என்று கத்திவிட்டாள். நான் அந்த வார்டிலேதான் நின்றுகொண்டிருந்தேன். மாமா தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வெந்நீர் வாங்கப் போனார்.

அதில் பிழைத்தாள். தலைமுடி முளைத்தது, மறுபடியும் கடைக்குப் போனாள். மூன்று வருடம் கழித்து வலது மார்பில். பழையது பரவியிருக்கிறது என்றுதான் நாங்கள் நினைத்தோம். இல்லை, இது புதியது, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சென்னை டாக்டர் சொன்னார். கூடவே, ரத்தத்தில் ஒரு ஜீன் பரிசோதனை செய்து பார்த்துவிட்டால் நல்லது, தேவைப்பட்டால் சினைப்பையில் வராமல் முன்கூட்டியே சிலது செய்யலாம் என்றார். "இப்ப வேணாம் சார், ஏற்கெனவே பேஜாரா இருக்குது" என்று சொன்னது நான்தான். அஸ்வினிக்கு வரன் பார்க்க ஆரம்பித்திருந்தோம். அதே கணக்கு, அதே புத்தி.

அம்சா அதையும் சிரித்துத்தான் தாண்டினாள். நோய்களுக்குச் சக்களத்திகள் என்று பெயர் வைத்தாள். "மொத சக்களத்தி போய்ட்டா, ரெண்டாவது சக்களத்தி வந்துருக்கா. நம்ம மாமனுக்கு இருக்கற கிராக்கியப் பாரேன்." மாமாவும் அதற்குச் சிரித்தார். அவர் சிரித்ததால் நானும் சிரித்தேன்.

போன வருடம் ஆடியில் அவளைப் பார்க்கக் கெடாருக்குப் போனேன். மல்லாட்டை காயப்போட்டிருந்த களத்தில் நின்றுகொண்டிருந்தாள். உடம்பெல்லாம் இளைத்து வயிறு மட்டும் முன்னால் தள்ளியிருந்தது. எங்கள் அம்மாவை நான் கடைசியாகப் பார்த்தது அந்த வயிற்றோடுதான். அது சினைப்பையில் வந்த மூன்றாவது.

இந்த முறை சென்னையில் யாரும் என்னைக் கேட்கவில்லை. அம்சாவிடமே கேட்டு ரத்தம் எடுத்துவிட்டார்கள். முடிவு வந்த அன்று ஒரு சின்னப் பெண், டாக்டருக்குப் படித்தவள், அம்சா, மாமா, நான் மூன்று பேரையும் உட்கார வைத்து ஒரு தாளில் எங்கள் குடும்பத்தை வரைந்தாள். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம். வீரம்மாள், அருணா, அம்சா என்று மூன்று வட்டத்தையும் பேனாவால் கறுப்பாக்கினாள். உடம்பில் செல் கெட்டுப்போனால் சரிசெய்கிற வேலை ஒரு ஜீனுக்கு இருக்கிறது, அது இவர்களுக்குப் பிறவியிலேயே பழுது, அம்மாவிடமிருந்து வந்திருக்கிறது, பிள்ளைகளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஆண்களுக்கும் வரும், அவர்கள் வழியாகவும் போகும் என்று பொறுமையாகச் சொன்னாள். ஒரு வட்டத்தையும் ஒரு சதுரத்தையும் காலியாக விட்டுக் கேள்விக்குறி போட்டாள். வட்டம் அஸ்வினி, சதுரம் நான். என் மகள் சங்கவிக்குப் பன்னிரண்டு வயது, எனக்குக் கீழே அவளுக்கும் ஒரு சின்ன வட்டம் போட்டாள்.

சக்கரபாணி மாமா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப இது என்னால வந்தது இல்லீங்களா, டாக்டரம்மா?"

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. "உங்களால எப்படிங்கய்யா வரும்? நீங்க வேற குடும்பம் இல்லையா?" என்றாள்.

"இல்லீங்க. ஜாதகத்துல..."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்கய்யா."

மாமா எழுந்து வெளியே போனார். நடைபாதையில் ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். சுவரோரம் குந்தி, துண்டை முகத்தில் பொத்திக்கொண்டு, ஐம்பத்திரண்டு வயது மனிதர் விக்கி விக்கி அழுதார். அம்சா வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "நானும் சொல்லிட்டேனே மாமா. நானும் உன்ன சொல்லிட்டேனே" என்று அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். நான் கையில் பைலை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் குற்றமில்லை என்று பதினான்கு வருடமாகத் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

அதற்குப் பிறகு அம்சாவுக்கு ஒரே பிடிவாதம். அஸ்வினிக்கு ரத்தம் பார்க்க வேண்டும், அதுவும் கல்யாணத்துக்கு முன்னால். திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி வைத்திருக்கும் வெங்கடாசலத்தின் மகனுக்கு அவளைப் பேசி முடித்திருந்தோம். தை மாதம் முகூர்த்தம். அந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவனே நான். "கல்யாணம் முடியட்டும் அம்சா, அப்புறமா பாத்துக்கலாம்" என்றேன்.

"அப்புறம்னா எப்பண்ணா? அவளுக்கும் கட்டி வந்தப்புறமா?" படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "அம்மாவுக்குத் தெரியல. அக்காவுக்குத் தெரியல. எனக்கும் தெரியல. இவளுக்காவது தெரியட்டும். முன்னாடியே தெரிஞ்சா வருஷா வருஷம் பாத்துக்கினு பொழச்சிக்கலாமாம், அந்த டாக்டர் பொண்ணு சொல்லுச்சே, நீயும்தானே கேட்டுக்கினு இருந்த? அவன் நல்லவனா இருந்தா தெரிஞ்சே கட்டட்டும். மறைச்சி ஒருத்தன் தலையில கட்டாத. நீயே போய்ச் சொல்லிட்டு வா. போ, ஜல்தியா போ."

போனேன். வெங்கடாசலம் மூட்டைகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார வைத்து, டீ வரவழைத்து, முழுவதையும் கேட்டார். மரியாதையான மனிதர், ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. "பொண்ணுக்கு டெஸ்ட் பண்ணுங்க, மொதல்ல அதான் முக்கியம்" என்றார். மூன்றாம் நாள் தரகர் போன் செய்து, மாப்பிள்ளைக்கு இந்த வருடம் குருபலம் இல்லையாம் என்றார்.

அஸ்வினி இரண்டு நாள் படுத்தே கிடந்தாள். அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. மூன்றாம் நாள் காலையில் தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்து, சித்தியின் கட்டிலருகே நின்று, "ரத்தம் குடுக்கப் போறேன்" என்றாள். நான் சட்டையை மாட்டினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவரிடம் போய், "அப்பா, நீ வா எங்கூட" என்றாள். மாமா தவலையை அப்படியே போட்டுவிட்டு, வேட்டிகூட மாற்றாமல் கிளம்பினார். விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து போனார்கள். நானும் ரத்தம் கொடுக்கப் பின் சீட்டில் போனேன். திண்டிவனம் தாண்டும்போது அவள் அப்பாவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். மாமா சென்னை வரும் வரைக்கும் தோளை அசைக்கவே இல்லை.

முடிவு மாசியில் வந்தது. அம்சாவுக்கு அதற்குள் எழுந்திருக்க முடியாமல் போய்விட்டது. அஸ்வினி போனில் வந்ததைத் தானே படித்துப் பார்த்துவிட்டு, கட்டிலில் ஏறிச் சித்தியின் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். "எனக்கும் இருக்குது சித்தி" என்றாள்.

எனக்கும் அன்றே வந்தது. எனக்கும் இருக்கிறது. அதை நான் அப்போது சொல்லவில்லை.

கேப்பைக் கஞ்சியை ஆற்றி டம்ளரில் ஊற்றிக்கொண்டு நான் வாசற்படியில் நின்றேன். அம்சா ரொம்ப நேரம் அந்தப் பெண்ணின் தலையைத் தடவிக்கொண்டே அழுதாள். எட்டு வயதில் பிடித்த மாதிரியே அஸ்வினி அவள் புடவையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு அம்சா மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள்.

"பயப்படாதடி. தெரிஞ்சிக்கின இல்ல, நீ பொழச்சிக்குவ. வருஷா வருஷம் போய்க் காட்டு. டாக்டரு இன்னா சொல்றாங்களோ அத செய்யி. என் கதி உனக்கு வராது. எங்களுக்குத்தான்டி யாருமே சொல்லல. ஒருத்தராவது சொல்லியிருந்தா நானும் இருந்திருப்பேன்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். சும்மாதான் பார்த்தாள், கஞ்சி வந்ததே என்று. எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அம்சா, எனக்குச் சொன்னாங்க, நான்தான் உனக்குச் சொல்லல என்று சொல்ல வேண்டும். அவள் திட்டட்டும், காறித் துப்பட்டும்.

"கஞ்சி ஆறிடப் போவுது, குடி" என்றேன்.

இரண்டு வாய் குடித்தாள். ஒன்பதாம் நாள் செத்துப்போனாள்.

கருமாதி அன்று சாப்பிட உட்கார்ந்தபோது மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். "எது எப்பிடியோ மச்சான், அந்த டாக்டரம்மா சொன்னது ஒரு பக்கம் இருக்கட்டும். நீ அன்னிக்கு வாழய வெட்டுனதாலதான் எனக்குப் பதினாலு வருஷமாவது அவ இருந்தா" என்றார். உண்மையாகவே நன்றியோடு சொன்னார். இலையில் போட்ட சோற்றை என்னால் தொட முடியவில்லை.

எதிரில் உட்கார்ந்து சொல்லத் தைரியம் இல்லாமல்தான் இதையெல்லாம் எழுத ஆரம்பித்தேன். எழுதி, அஸ்வினி கையில் ஒன்றும் மாமா கையில் ஒன்றுமாகக் கொடுத்துவிட்டு, திண்டிவனம் பஸ் ஏறிவிடலாம் என்று திட்டம். முக்கால்வாசி எழுதிய பிறகுதான் உறைத்தது. அஸ்வினி படித்துக்கொள்வாள். சக்கரபாணி மாமாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவருக்கு நான் வாயால்தான் சொல்ல வேண்டும்.